கட்டற்றதற்கு மாற வேண்டும்

1

இந்தக் கதை ஒரு துண்டுச் சீட்டிலிருந்து பிறந்தது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் நீங்களாகக் கண்டுபிடித்து என்னைக் குடைவதைவிட இது மேல். சீட்டில் என் கையெழுத்தில் இருந்தது இவ்வளவுதான்: 'கட்டற்றதற்கு மாற வேண்டும். இனியும் தாங்காது.'

அதை எடுத்துப் படித்தவள் என் மனைவி. மருத்துவமனையில் நோயாளிகளின் கோப்புகளைப் பாதுகாக்கும் அறையில் அவளுக்கு வேலை. ஒரு தாள் இடம் மாறி இருந்தாலும் அவள் கண்ணுக்குத் தப்பாது.

2

உண்மையில் நான் எழுத உட்கார்ந்தது வேறு கதை. அது இப்படித் தொடங்கியது:

'இருபது வருடக் குடும்பத்தை விட்டு வெளியேறுவது என்று அவன் முடிவு செய்த செவ்வாய்க்கிழமை, அவன் சட்டைப் பையில்—'

அதற்குமேல் ஓடவில்லை. விவரம் சேர்ப்போம் என்று இணையத்தில் தேடினேன். 'ஒற்றை ஆளுக்கு வாடகை அறை.' 'பிரிந்து வாழ வக்கீல்.' 'மனைவியிடம் எப்படிச் சொல்வது?' எல்லாம் என் பாத்திரத்துக்காக. தேடுபொறிக்குப் பாத்திரம் ஏது, ஆசிரியன் ஏது? எல்லாவற்றையும் என் பெயரிலேயே எழுதிக்கொண்டது.

(ஒருமுறை செருப்பு விலை பார்த்தேன். பதினைந்து நாள் அந்தச் செருப்பு போகிற பக்கமெல்லாம் கூடவே வந்தது. அப்போதே புத்தி வந்திருக்க வேண்டும்.)

வீட்டில் எங்கள் இருவருக்கும் ஒரே இணையக் கணக்கு. அவள் பஸ் நேரம் பார்க்கத் தன் டேப்லெட்டைத் திறந்தால், 'புதிய வாழ்க்கைக்கு ஒரு அறை போதும்!' என்று விளம்பரம். எனக்கும் அதே தொல்லைதான். எரிச்சலில் அந்தத் தேடுபொறியை நடத்தும் பெரிய கம்பெனியையே தலைமுழுகுவது என்று தீர்மானித்தேன். மின்னஞ்சல், தேடல், எழுதும் இடம் எல்லாவற்றையும், உள்ளே என்ன நடக்கிறது என்று யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கக்கூடிய கட்டற்ற மென்பொருளுக்கு மாற்றிவிடலாம். மறக்காமலிருக்கச் சீட்டில் குறித்து வைத்தேன்.*

* 'மென்பொருள்' என்ற சொல்லைச் சோம்பலில் விட்டுவிட்டேன். பத்திரிகைக்கு அனுப்பும் கதையில் ஒற்று விட்டாலே தூக்கம் வராத ஆள் நான்.

3

இந்த இடத்தில் முதல் வரைவில் மனைவி அழுதாள். படித்துப் பார்த்தவள், "நான் எப்பங்க அழுதேன்?" என்றாள். வாஸ்தவம். அழவில்லை. மூன்று நாள் 'சாவி', 'கதவு', 'குடை' என்று ஒற்றைச் சொல்லில் பேசினாள். நான்காம் நாள் காலை, வேலைக்குக் கிளம்பிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டபின், டேப்லெட்டையும் சீட்டையும் மேஜைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள்.

"மேடைக்கு மேடை 'என் எழுத்து ஒரு தேடல்'னு சொல்றீங்களே, இதானா உங்க தேடல்?"

"ஐயோ, அது கதைக்காகத் தேடினது!"

"எந்தக் கதை? காட்டுங்க."

கையில் இருந்ததோ அரை வாக்கியம். அதையும் காட்டினேன். குடும்பத்தை விட்டுப் போகிறவனைப் பற்றிய அரை வாக்கியம் எனக்குச் சாதகமாக இல்லை.

"அப்ப இது? கட்டிக்கிட்டவகிட்ட ஒரு வார்த்தை சொல்லாம, கட்டற்றதுக்கு மாறப் போறீங்களாக்கும்?"

"அது மென்பொருள்!"

"நல்லா சமாளிக்கிறீங்க."

பயந்தேன். இந்த வாசலைத் தாண்டினால் இவள் திரும்பி வரமாட்டாள் என்றே நினைத்தேன்.

அவள் வாசல்வரை போனாள். நின்றாள். "சரி, அந்த ஆளு எதுக்கு வீட்ட விட்டுப் போறான்?"

"தெரியல."

"தெரியாமயா ரூம் தேடினீங்க?"

"ரெண்டு வாரமா மண்டைய உடைச்சுக்கறேன். அவன் போறதுக்கு ஒரு காரணமும் கிடைக்க மாட்டேங்குது. எனக்கு எதுவுமே தோணல."

என்னையே பார்த்தாள். பையை இறக்கி வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

4

ஒரு முடிவு இப்படி: அந்த ஞாயிற்றுக்கிழமை இருவரும் சேர்ந்து கணக்கை மூடினோம். எதைத் தேடினோம் என்று நினைவில் வைத்துக்கொள்ளாத தேடுபொறி, ஆளுக்கொரு மின்னஞ்சல் முகவரி, என் கோப்புகள் இனி வீட்டுக் கணினியின் வன்வட்டில். பழைய எழுத்துருவில் இருந்த பதினோரு கதைகள் வெறும் கட்டங்களாகத் திறந்தன. "பெரிய நஷ்டம் ஒண்ணுமில்ல" என்றாள். மறுவாரம் எந்த அறையும் எங்களைத் துரத்தவில்லை. சுபம்.

ஆனால் நான் சும்மா இருக்காமல், அந்தக் கம்பெனியைத் திட்டி இரண்டு பக்கம் சேர்த்தேன். 'கேட்காமல் எடுக்கிறார்கள், எடுத்ததை விற்கிறார்கள், நாம்—'

அந்த வாக்கியத்திலேயே அவள் விரலை வைத்தாள்.

"நீங்க மட்டும் என்னவாம்? எங்க அக்கா கல்யாணம் நின்னது, நான் தூக்கத்துல உளர்றது, எங்கப்பாகூட நான் போட்ட சண்டை, எல்லாம் உங்க புஸ்தகத்துல இருக்கு. ஒரு தடவ என்னைக் கேட்டிருக்கீங்களா?"

கேட்டதில்லை. அடித்துவிட்டேன், இரண்டு பக்கத்தையும். மென்பொருள் திறந்து கிடக்கட்டும். வீட்டுக்குக் கதவு வேண்டும். இனி எதையும் அவள் படித்த பிறகே வெளியே விடுவதென்று ஒப்புக்கொண்டேன். அப்படிச் சொன்னதும் எனக்கே பாரம் இறங்கியது.

5

அன்று காலை நாற்காலியில் உட்கார்ந்தபின் அவள் ஒன்று சொன்னாள். அதுதான் இந்தக் கதையின் முடிவு. ஒன்றரைப் பக்கம் எழுதியிருந்தேன். பெருமைக்குச் சொல்லவில்லை, நான் எழுதியதிலேயே நல்ல ஒன்றரைப் பக்கம். அவள் படித்தாள், மடித்துத் தன் பையில் வைத்துக்கொண்டாள்.

அவளுடைய கோப்பறையில் ஒரு வழக்கம் உண்டாம்: ஒரு கோப்பை எடுத்தால், அந்த இடத்தில் ஓர் அட்டை சொருக வேண்டும். எனக்கும் ஒன்று எழுதிக் கொடுத்தாள்.

எடுத்தவர்: மனைவி
காரணம்: வீட்டு விஷயம்
திரும்ப வைக்கும் நாள்: இல்லை

உங்களுக்கு முடிவு வேண்டுமென்றால் நீங்களே ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். அதை யாரிடமும் சொல்ல வேண்டாம். என்னிடமும்தான்.