குறைந்தவருக்கே வெற்றி

எங்கள் வீட்டில் காலையில் டீ போடுவது யார் என்பதை நாடித்துடிப்புதான் முடிவு செய்யும். அலாரம் அடித்ததும் எழக் கூடாது. படுத்தபடியே ஒருவர் மணிக்கட்டை மற்றவர் பிடித்து, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து ஒரு நிமிடம் எண்ண வேண்டும். யாருக்குக் குறைவோ அவர் படுத்திருக்கலாம், மற்றவர் அடுப்படிக்குப் போக வேண்டும். பயிற்சியில் இதயம் வலுவானால் துடிப்பு குறையும் என்று ஓட்டக்குழு மாஸ்டர் சொன்ன அன்று என் வீட்டுக்காரர் கண்டுபிடித்த விளையாட்டு இது.

இவர் லிஃப்ட் மெக்கானிக். ஊரையெல்லாம் மாடி ஏற்றிவிட்டு, தான் மட்டும் எங்கள் ஐந்தாம் மாடிக்குப் படிக்கட்டில்தான் வருவார். நேரத்துக்குத் தூக்கம், இனிப்புக்கு முழுக்கு, விடியலில் ஐந்து கிலோமீட்டர் ஓட்டம் என்று ஏழு மாதமாக ஒரு நாள் தவறவில்லை. ஐம்பது வயதுக்காரர்களுக்கான போட்டியில் ஒரு பதக்கமாவது வாங்கிவிட வேண்டும் என்று ஆசை. காலண்டரில் தினமும் இரண்டு எண்கள் எழுதுவார். மேலே துடிப்பு, கீழே ஓடி முடித்த நிமிடம்.

அறுபத்தெட்டில் தொடங்கியது ஐம்பத்தாறானது, நாற்பத்தெட்டானது. கழுதை தேய்ந்து கட்டெறும்பு ஆகிறது என்று கேலி செய்தேன். எழுபதுக்குக் கீழே இறங்காத நான் தினமும் டீ போட்டேன். எரிச்சலாகத்தான் இருந்தது. நானும்தானே தினமும் நடக்கிறேன்?

நாற்பத்திரண்டு ஆனபோது மாஸ்டர் போனிலேயே கைதட்டினாராம். அந்த வாரம் ஒரு பகலில் எங்கள் மாடியில் லிஃப்ட் கதவு திறந்தது. தையல் மெஷினை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தேன். இவர் வெளியே வந்தார். முகம் வெளுத்திருந்தது.

"கேபிள்ல சத்தம் வருதான்னு பாத்தேன்," என்றார்.

நான் எதுவுமே கேட்கவில்லை. கேட்காத கேள்விக்குப் பதில் வந்தது.

மறுநாளும் லிஃப்ட்தான். அதற்கு மறுநாள், ஷூ கட்டக் குனிந்தவர் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். தூக்கம் போதவில்லையாம். டாக்டரிடம் போகலாம் என்றேன். போட்டி முடியட்டும் என்று வாயை அடைத்துவிட்டார்.

போட்டிக்கு முந்தின நாள் காலண்டரைத் தையல் மேசையில் விரித்தேன். அளவெடுத்துப் பிழைக்கிறவள் நான். இத்தனை நாள் மேலே இருந்த எண்ணை மட்டும் பார்த்து வயிறெரிந்திருக்கிறேன். கீழே இருபத்தேழு நிமிடத்தில் ஓடியவர் இருபத்தொன்பது, முப்பத்திரண்டு, முப்பத்தாறு என்று ஏறியிருந்தார். இதயம் வலுத்திருந்தால் கால் ஏன் தளர்கிறது?

இரண்டாம் மாடி நர்ஸ் அக்காவிடம் காட்டினேன். அவர் நாற்காலியை விட்டு எழுந்தே விட்டார்.

"ஓட விடாத. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போ," என்றார்.

இவரிடம் கெஞ்சினேன், கத்தினேன். ஏழு மாத உழைப்பு, ஒரே ஒரு காலை, முடித்த கையோடு நேரே ஆஸ்பத்திரி என்று என் தலையில் அடித்துச் சத்தியம் செய்தார். நானும் நம்பித் தொலைத்தேன்.

விடியலில் அலாரம் அடித்தது. மணிக்கட்டைப் பிடித்தேன். முள் ஒரு சுற்று சுற்றி வந்தது. முப்பத்தொன்று.

எவ்வளவு என்று கேட்டார், சொன்னேன். சிரித்தார்.

"நான்தான் ஜெயிச்சேன். போ, டீ போடு."

நான் கையை விடவில்லை. மறு கையால் போனை எடுத்து நர்ஸ் அக்காவை மேலே வரச் சொன்னேன். நேரமாகிறது என்று இவர் என் விரல்களைப் பிரிக்கப் பார்த்தார். பாதி எழுந்தவர் அப்படியே தலையணையில் சரிந்தார். கண் திறந்துதான் இருந்தது, என்னைப் பார்க்கவில்லை. என் விரலுக்கடியில் ஒன்று துடித்தது. முள் ஒன்று, இரண்டு, மூன்று என்று நகர்ந்தது. அடுத்தது வரவில்லை.

அக்கா லிஃப்டுக்குக் காத்திருக்காமல் படிக்கட்டில் ஓடி வரும் சத்தம் கேட்டது.

"இன்னைக்கு ஒரு நாளாவது தோத்துடுங்க," என்று இவர் காதோடு சொன்னேன்.