பவளத்துக்கு மூத்த கடல்

திருமங்கலத்து நெடுஞ்சாலையின் இரைச்சல் தேய்ந்து மறையும் தொலைவில், வெடித்த பருத்திக் காய்களும் முற்றிய சோளக் கதிர்களும் தைத் திங்களின் இளவெயிலில் அசைந்தாடும் கரிசற் பரப்பின் நடுவே, கறந்த பாலை உறையவைத்துக் கவிழ்த்தாற்போல் எழுந்து நிற்கிறது வெண்கரடு என்னும் சிறு குன்று. கதிரவன் மேற்கே சாயும் வேளையில் அதன் சுண்ணப்பாறை முகம் முதலில் பொன்னாகிப் பின் செம்பாகிக் கடைசியில் சாம்பலாகும் அழகை, அவ்வழியே பேருந்தில் செல்வோரும் ஒருகணம் தலைதிருப்பிப் பார்ப்பர்.

அக்குன்றின் அடியில் அன்று பந்தல் எழுந்திருந்தது. வாழை கட்டி, தோரணம் தொங்கவிட்டு, ‘பவளம் விளைந்த ஊர்’ என்று பொறித்த கல்லொன்றைச் செம்பட்டால் மூடி வைத்திருந்தனர் ஊரார். அவர்களுள் முன்வரிசையில், கஞ்சி மணம் மாறாத வேட்டியும் நிமிர்ந்த மார்புமாய் அமர்ந்திருக்க வேண்டிய உழவர் மொக்கையன், பந்தலுக்குப் பின்னால் தம் மகளோடு வழக்காடிக்கொண்டிருந்தார்.

மகள் பாண்டீஸ்வரி மதுரைக் கல்லூரியொன்றில் நிலவியல் கற்பிப்பவள். சென்ற ஆண்டு, குன்றின் அடிவாரத்தில் மண்ணுள் பாதி புதைந்து கிடந்த கல்லொன்றில், செதுக்கிய பூக்களைப் போல் இதழ்விரித்து நின்ற வடுக்களைக் கண்டு, அவை பண்டைப் பவளங்களின் கல்லான உடல்கள் என்று தெளிந்தாள். தெளிந்த மகிழ்ச்சியில், இக்கரடே பவளம் வளர்ந்த கடற்படுகை என்றும் சொல்லிவிட்டாள். அன்றுமுதல் மொக்கையனுக்குக் கால் தரையில் பாவவில்லை. காளவாசல் கடைகளில் விதை வாங்கும்போதும், அலங்காநல்லூரில் மாடு பார்க்கப் போனபோதும், எதிர்ப்பட்டவரையெல்லாம் நிறுத்தி, “எங்க ஊரு கடலுய்யா, எம்மக கண்டுபிடிச்சது” என்று சொல்லாமல் அவர் வீடு திரும்பியதில்லை.

இப்போதோ அம்மகள், முந்தின நாள் அந்தப் பவளக் கல்லின் அடியைத் தோண்டிப் பார்த்ததைச் சொல்லிக்கொண்டிருந்தாள். கல் பாறையோடு ஒட்டியிருக்கவில்லை. அதன்கீழே மண்ணும், மண்ணுள் உடைந்த ஓட்டுச்சில்லும் கிடந்தன.

“அது நம்ம கரட்டுக் கல்லு இல்லய்யா. எப்பவோ யாரோ கடக்கரைப் பக்கமிருந்து வண்டியில கொண்டாந்து போட்டுருக்காங்க. நான் அவசரப்பட்டுட்டேன்.”

“இன்னைக்கு மட்டும் வாய மூடிக்கிரு தாயி. எம்புட்டுச் சனம் வந்திருக்கு பாரு.”

“கல்லுல வெட்டிட்டா அதுதான் நெசம்னு நிக்கும்யா. நான் சொல்லித்தான் ஆகணும்.”

மொக்கையன் போய்க் கடைசி வரிசையில் அமர்ந்தார். மேடையேறிய மகள் நடுங்காத குரலில் தன் பிழையை எடுத்துரைத்தபோது, பந்தல் முழுதும் தம்மையே திரும்பிப் பார்ப்பதாய் எண்ணி, வெயிலில் வாடிய கொடிபோல் தலைகவிழ்ந்தார்.

விழாவை முன்னின்று நடத்திய ஊர்த்தலைவர் பேயாண்டி எழுந்தார். “அப்ப நம்ம ஊருல கடலே இல்லையாத்தா? ஊரு ஊருக்குச் சொல்லிவிட்டாச்சே.”

“கடல் இருந்துச்சு மாமா. இந்தச் சுண்ணக்கல்லு மொத்தமும் அந்தக் கடலுக்கடியில படிஞ்சதுதான். ஆனா அது பவளம் பொறக்குறதுக்கு முந்துன கடல். அப்ப ஒலகத்துலயே ஒரு பவளம் கெடையாது, ஒரு மீனு கெடையாது. பின்னால பூமிக்குள்ள அமுங்கி, வெந்து, இப்பிடி வெள்ளையா மாறிருச்சு. வெந்த கல்லுல பூ வடு அம்புட்டுத் தெளிவாத் தங்காது. அத நான் அப்பவே யோசிச்சிருக்கணும்.”

அவையில் முணுமுணுப்பு எழுந்தது. சிலர் துண்டை உதறித் தோளிலிட்டு வெளியேறினர். பேயாண்டி மட்டும் குன்றை அண்ணாந்து நெடுநேரம் நோக்கினார். பிறந்ததுமுதல் ஆடு மேய்த்துத் திரிந்த கரட்டை அன்றுதான் புதிதாய்க் காண்பவர்போல் நோக்கினார்.

“பவளத்துக்கும் மூத்ததா?” என்றார் மெல்ல. பின்பு, பட்டுத் துணியை உருவி மடித்துக்கொண்டே, “கல்லத் திருப்பி வைங்கப்பா. மறுபக்கம் வெட்டிக்கலாம்” என்றார்.

அப்போதுதான் கடைசி வரிசையிலிருந்து மொக்கையன் எழுந்தார். அவையில் பேசிப் பழகாத அவர், தடுமாறி நடந்து மகளருகே போய் நின்று, ஒலிபெருக்கியை எட்டிப் பிடித்தார்.

“பவளம் வெளஞ்ச கரடுன்னு ஊரெல்லாம் சொன்னது நாந்தேன். சொன்ன எடத்துக்கெல்லாம் நானே போயி, அது தப்புன்னு சொல்லிட்டு வாரேன்.” மகளைத் திரும்பிப் பார்த்தார். “தப்புன்னு கண்டுபிடிச்சதும் எம்மகதேன்னு சேத்துச் சொல்லுவேன்.”

சொல்லி முடித்தபோது அவர் மார்பு, என்றும் நிமிராத அளவுக்கு நிமிர்ந்திருந்தது. பாண்டீஸ்வரி அவர் கையைப் பற்றிக்கொண்டாள்.

பந்தல் கலைந்து, கதிரவனும் மறைந்தான். வலையெறிவாரும் கலஞ்செலுத்துவாரும் தோன்றாத காலத்தில், ஓர் உயிரின் வடுவையும் ஏந்தாது அலையெறிந்த அக்கடல், தன் மூப்பை மெய்யாக எடுத்துரைக்க ஒருத்தி பிறந்த ஊரின் நடுவே, இருளிலும் வெண்மை குன்றாமல் உறைந்து கிடந்தது.