கேரியரில் வைக்கக் கூடாதது

எங்கள் ஊரில் லேப்டாப் குலுங்கினால் குடும்பங்கள் மாறிவிடும். எல்லா லேப்டாப்பும் இல்லை. என் வீட்டுக்காரர் தினமும் சைக்கிளில் அலுவலகத்துக்கு எடுத்துப்போகும் அந்த ஒன்று மட்டும்தான். ஊரிலுள்ள ரேஷன் கார்டு அத்தனையும், ஆளுக்கொரு வரியாக, அதற்குள் இருக்கிறது. ஒரு குலுக்கலுக்கு இரண்டு வரிகள் இடம் மாறும். வரி மாறினால் ஆளும் மாற வேண்டியதுதான். கால் தானாக அந்த வீட்டுக்கு நடந்துவிடும். எந்த வரியில் விழுகிறாரோ அந்த உறவாகவே அங்கே இருப்பார்.

அலுவலகத்தில் எலித் தொல்லை என்பதால் மாலையில் அதை வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுவார். ஸ்கூட்டர் கூடாது, இன்ஜின் அதிர்வில் ஒரு வார்டே கலைந்துபோகும். அதனால்தான் சைக்கிள்.

கட்டிக் கொடுப்பது என் வேலை. முதலில் ஸ்பாஞ்சு உறை. அதன்மேல் என் பழைய வாயில் புடவை, நாலு சுற்று. பிறகு முதுகுப் பை. லேப்டாப் முதுகை ஒட்டி நிற்க வேண்டும், தோள்வார் இரண்டும் இறுக்கமாக இருக்க வேண்டும். பள்ளம் வந்தால் சீட்டைவிட்டு லேசாக எழுந்துகொண்டால் போதும், குலுக்கல் முழங்காலோடு நின்றுவிடும். டிபன் பாக்ஸ் தனியாக ஹேண்டில்பாரில். இதில் புரியாமல் போக என்ன இருக்கிறது? கான்வென்டில் ஆறாம் வகுப்பிலேயே எங்களுக்குப் பை அடுக்கச் சொல்லிக்கொடுத்தார்கள். கனமானது முதுகுப் பக்கம். தப்பாக அடுக்கினால் சிஸ்டர் மொத்தத்தையும் கொட்டிவிடுவார்.

போன ஆடியில் ஒரு நாய் குறுக்கே வந்தது. அதில் என் மாமியார் போய், லாரி மெக்கானிக் கோதண்டம் வந்தார். ஆறடி உயரம், பெரிய மீசை. வந்த அன்றைக்கே சாம்பாரைத் தொட்டு நாக்கில் வைத்து, "இது சாம்பாரா, ரசமாம்மா?" என்றார். நான் அவரை அத்தை என்றுதான் கூப்பிடுகிறேன். என் மாமியார் அவர் வீட்டில் இப்போது வீட்டோடு மாப்பிள்ளை. போன் செய்தால், "என்னை எழுந்துக்கவே விடமாட்டேங்கறாங்கடி, முதல் இலை எனக்குத்தான்" என்கிறார். சரி, இருக்கட்டும் என்று விட்டுவிட்டோம்.

போன புதன்கிழமை காலை என் மகள் மிருதுளா தோசையைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து செருப்பைப் போட்டுக்கொண்டாள்.

"எங்கடி?"

"தெரியலைம்மா. கால் போகுது."

போய்விட்டாள். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. கல்லூரியில் படிக்கிற பெண், எச்சில் கையைக்கூடக் கழுவாமல் தெருவில் நடப்பாளா?

கால் மணி நேரத்தில் வைரவன் என்ற பெரியவர் வந்து சேர்ந்தார். அறுபத்துமூன்று வயது, தடி ஊன்றிய நடை. மீதித் தோசையைச் சாப்பிட்டுவிட்டு, "அம்மா, என் சார்ஜரை எங்க வெச்சே?" என்றார்.

"வெச்ச இடத்துல தேடு" என்று சொல்லிவிட்டு வீட்டுக்காரருக்குப் போன் போட்டேன்.

"இன்னிக்கு இன்ஸ்பெக்‌ஷன், சுகந்தி. கஞ்சி போட்ட சட்டை. பை மாட்டினா முதுகு கசங்கிடும்னு..."

"எங்க வெச்சீங்க?"

"ஆபீசர் வர்ற நேரம்..." என்று இழுத்தார்.

"ஏங்க, எங்க வெச்சீங்க?"

"கேரியர்ல."

கையிலிருந்த கரண்டி கீழே விழுந்தது. இருபத்திரண்டு வருடம் குடித்தனம் நடத்தியிருக்கிறேன், இவரை இப்படி நினைத்ததே இல்லை. "அது என்ன சிமென்ட் மூட்டையா?" என்றேன். மீன் மார்க்கெட் எதிரில் இருக்கும் ஸ்பீடு பிரேக்கரில் ஒரே ஒரு தூக்கல்தான் தூக்கியதாம். மாலை ஐந்து மணிக்கு அந்த மாதக் கணக்கைச் சென்னைக்கு ஏற்றிவிடுவார்கள். அதன்பிறகு குலுக்கினாலும் கவிழ்த்தாலும் மாறிய வரி பழைய இடத்துக்குத் திரும்பாது.

மத்தியானம் மிருதுளாவே கூப்பிட்டாள். பதினோரு பேர் உள்ள வீட்டில் அவள் குடும்பத் தலைவராம்.

"சாய்வு நாற்காலி குடுத்திருக்காங்கம்மா. என்னைக் கேக்காம ஒரு அப்பளம்கூடப் பொரிக்கமாட்டேங்கறாங்க."

"குடிச்ச டம்ளரை எடுத்து வைக்கத் தெரியாது உனக்கு."

"நாளைக்கு என் மூத்த பொண்ணைப் பார்க்க வர்றாங்க. அவளுக்கு முப்பத்தொண்ணு. மாப்பிள்ளைகிட்ட நான் என்ன கேக்கணும்?" பிறகு குரல் இறங்கியது. "அம்மா, வாம்மா. எல்லாரும் என்னை அப்பாங்கறாங்க."

நாலு மணிக்கு அலுவலகத்தில் இருந்தேன். வழி ஒன்றுதான்: அதே ஸ்பீடு பிரேக்கர், அதே கேரியர், அதே வேகம், எதிர்த்திசை. இன்னொரு தடவை தன்னால் முடியாது என்று வீட்டுக்காரர் சைக்கிள் சாவியை மேஜையில் வைத்தார். நான் எடுத்தேன். "நீ சைக்கிள் ஓட்டி இருபது வருஷமாச்சு" என்றார்.

"உங்களைவிட நல்லாவே ஓட்டுவேன். தள்ளுங்க."

புடவையைத் தூக்கிச் செருகினேன். லேப்டாப்பை என் கையாலேயே, உறையில்லாமல், துணியில்லாமல், கேரியர் கிளிப்பின் கீழ் வைத்தேன். அந்த அதிர்ச்சி இன்னும் எனக்குத் தீரவில்லை. மீன் மார்க்கெட் வந்ததும் கண்ணை மூடாமல் ஏறி இறங்கினேன். ஒரே தூக்கல். ஓரமாக நிறுத்திக் காத்திருந்தேன். பன்னிரண்டு நிமிடத்தில் போன் அடித்தது.

"வீட்டுக்கு வந்துட்டேம்மா. என் தோசையை யாரு தின்னது?"

திரும்பும்போது ஏறவே இல்லை, தள்ளிக்கொண்டே வந்தேன். ஸ்பீடு பிரேக்கரில் ஒவ்வொரு சக்கரமாகத் தூக்கி, தூங்குகிற குழந்தையைப் போல இறக்கினேன். நாலு ஐம்பத்தைந்துக்கு அலுவலக வாசல். அப்பாடா என்று சைக்கிளைப் பின்னால் இழுத்து ஸ்டாண்ட் போட்டேன். டக்கென்றது. லேப்டாப் இன்னும் கேரியரில்தான் இருந்தது.

வீட்டுக்காரர் ஓடிவந்து அதை வாங்கிக்கொண்டு உள்ளே போனார். ஐந்து மணிக்கு ஜன்னல் வழியாக, "ஏத்தியாச்சு!" என்றார். நான் அதற்குள் தெருமுனைக்குப் போயிருந்தேன். "சுகந்தி, நம்ம வீடு இந்தப் பக்கம்" என்று கத்தினார். காலிடம் போய் யார் பேச முடியும்?

பச்சைக் கதவு போட்ட வீடு. இருபத்தெட்டு வயதுப் பெண் ஒருத்தி திறந்தாள். "எங்கடி போன இவ்வளவு நேரம்? பால் ஆறிப்போச்சு." அவளுக்கும் அவள் புருஷனுக்கும் குழந்தையில்லை. எப்படியும் பிறக்கும் என்று கார்டில் ஒரு வரியை ஐந்து வருடம் முன்பே எழுதி, பெயர் போடாமல் வைத்திருந்தார்கள். மகள், வயது ஐந்து. அங்கே நான் வந்துவிட்டேன். அந்தக் காலியிடம் என் வீட்டுக்குப் போய்விட்டது.

இரவுச் சாப்பாடு முடிந்ததும் மிருதுளா போன் செய்தாள். காலியிடத்துக்கும் தட்டு வைத்தார்களாம். அன்றைக்குச் சாம்பார் பிரமாதம் என்று அத்தை சொன்னாராம். எட்டு மாதமாக என்னிடம் அந்த வார்த்தை வந்ததில்லை.

"நீ சாப்பிட்டியாடி?" என்றேன்.

"சாப்பிட்டேம்மா. டம்ளரைக் கழுவி வெச்சுட்டேன்." மூக்கை உறிஞ்சினாள். அதற்குள் பச்சைக் கதவுக்காரி, போதும் தூங்கு என்று போனை வாங்கிவிட்டாள்.

மறுநாள் காலை என் நரையை இரண்டாக வகிர்ந்து, மடித்துப் பின்னி, சிவப்பு ரிப்பன் கட்டினார்கள். யூனிஃபார்ம் அளவெடுத்துத் தைத்தது போல இருந்தது. வேனில் ஜன்னலோரம் உட்கார்ந்தேன். அடுத்த நிறுத்தத்தில் எங்கள் ஊர் ஸ்டேஷன் மாஸ்டர், கட்டம் போட்ட டவுசரும் கழுத்தில் வாட்டர் பாட்டிலுமாக ஏறினார். ஜன்னல் சீட் வேண்டுமென்று காலை உதைத்து அழுதார். ஆயா என்னைத் தள்ளி உட்காரச் சொன்னாள். இரண்டு தெரு தாண்டினால் எங்கள் வீடு வந்துவிடும். எட்டிப் பார்ப்பதற்காக நான் முன் சீட்டுக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.