ஊசி நுழையாத துணி

குடிவந்த சனத்தைப் பற்றி எழுத அமெரிக்கப் பத்திரிகைகளுக்கு இரண்டே இரண்டு விஷயங்கள்தான் உண்டு என்பது துர்க்காவின் கணிப்பு. ஒன்று விசித்திரமான சாமி. மற்றது அழகான சட்டை. இடையில் மோர்ட்கேஜ் கட்டி, பனி தள்ளி, பிள்ளைகளை நீச்சல் வகுப்புக்கு ஏற்றி இறக்கும் மிச்சச் சனத்தைத் தேடி எந்த நிருபரும் வந்ததில்லை. துர்க்காவின் கஷ்டகாலம், அமெரிக்க எல்லைக்கு வடக்கே ரூஜ் என்ற புறநகரில் இருந்த அவளுடைய வீட்டில் இந்த இரண்டும் ஒரே கூரைக்குக் கீழே குடியிருந்தன.

சட்டை, கீழே பேஸ்மென்ரில். கலியாணத்தன்று ஒருமுறை கட்டியதோடு அலுமாரியில் கிடக்கும் கூறைச்சேலைகளை வாங்கி, உள்ளே கம்பளி வைத்து, குளிர்காலக் கோட்டுகளாகத் தைப்பாள். ஒரு கோட்டுக்காக அவளிடம் மூன்று மாதம் காத்திருக்க ஆட்கள் இருந்தார்கள்.

சாமி, மேலே அப்பாவின் அறையில். இரத்தினவேல் போன கோடையில் இழைச் சபையில் சேர்ந்தார். ஸ்ரௌவ்வில்லில் ஒரு வீட்டுக் கராஜில் சனிக்கிழமைகளில் கூடும் சபை அது. தொடங்கியவர் அமிர்தநாதர். முன்பு இன்சூரன்ஸ் விற்றவர், இப்போது மோட்சம். ஊசி குத்திய துணிக்குள் கடவுள் இறங்கமாட்டார் என்பதுதான் அவர்களுடைய வேதம். ஆகவே வேட்டி, சால்வை, போர்வை. குளிர் கூடினால் இன்னொரு போர்வை. ரப்பர் பூட்ஸ் அச்சில் வார்த்தது என்பதால் அதற்குத் தடையில்லை. காலுறை பின்னியதா தைத்ததா என்று ஒரு சனிக்கிழமை முழுக்க விவாதித்து, விரல் பக்கத்தில் தையல் இருப்பதைக் கண்டுபிடித்துத் தள்ளிவைத்தார்களாம்.

தையற்காரியின் தகப்பன் தைத்த துணி தொடுவதில்லை என்றால் ஊர் சும்மா இருக்குமா? பக்கத்து வீட்டு ஜெயமலர் அன்ரி கேட்டபோது, "அப்பா கந்தசஷ்டி விரதம்" என்று துர்க்கா சொல்லிவைத்தாள். கந்தசஷ்டி ஆறு நாள். மாசி மாதமும் வந்துவிட்டது.

"கொப்பருக்கு இன்னும் சூரன் சாகேல்லையோ பிள்ளை?" என்று அன்ரி வேலிக்கு மேலால் எட்டிக் கேட்டாள்.

இந்த நேரத்தில்தான் நியூயோர்க்கிலிருந்து மெலனி வந்தாள். பெரிய பத்திரிகையொன்றின் உடைப் பக்கத்துக்கு எழுதுபவள். துர்க்கா பத்து வருடமாகக் காத்திருந்த ஆள். ஆனால் போன வருடம் அதே பத்திரிகையில் வேறொரு நாட்டுக்காரி, பேக்கரி வைத்திருந்தவள், வந்திருந்தாள். அவள் சுட்ட பாணுக்கு ஒரு வரி. அவளுடைய சித்தப்பா கும்பிட்ட கல்லுக்கு எட்டுப் பந்தி. துர்க்கா அதை வாசித்துவிட்டு இரண்டு நாள் எரிச்சலோடு திரிந்தவள். தன் கோட்டுகளுக்கும் அந்தக் கதி வருமோ என்ற பயம் அவளுக்கு உண்மையாகவே இருந்தது.

"அப்பா, அந்தப் பிள்ளை போகுமட்டும் கீழ வராதேங்கோ," என்றாள் காலையிலேயே.

"ஓம் பிள்ளை," என்றார் அவர். ஏன் என்று கேட்கவில்லை.

மெலனி நல்ல பெண்ணாகத்தான் இருந்தாள். கோட்டின் உள்பக்கத்தைத் திருப்பித் தையலைப் பார்த்தாள். சரிகைக் கரையை ஏன் வெளியே விடாமல் கழுத்துப் பட்டிக்கு உள்ளே வைத்திருக்கிறாய் என்று கேட்டாள். இப்படி ஒரு கேள்வியை யாரும் கேட்டதில்லை. துர்க்கா மெசினை ஒருபக்கம் விட்டுவிட்டு, தன்னை மறந்து ஆங்கிலத்தில் பேசிக்கொண்டே போனாள். வந்த ஆளுக்கு ஒரு வாய்த் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை என்பது அவளுக்கு உறைக்கவேயில்லை.

படிகளில் காலடி கேட்டது. இரத்தினவேல் இறங்கிவந்தார். வெள்ளை வேட்டி, வெறும் மார்பில் சால்வை, கையில் தட்டு. தட்டில் தேத்தண்ணியும் ரோல்சும்.

"வந்த ஆளைத் தொண்டை காய விடுறதே?" என்றார் மகளிடம்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கலாம் என்றுதான் துர்க்காவும் நினைத்திருந்தாள். பூசணிக்காய் தேத்தண்ணியோடு வந்து நின்றது.

மெலனி தேத்தண்ணியை வாங்கினாள். அவரைப் பார்த்தாள், சுவரில் தொங்கிய கோட்டுகளைப் பார்த்தாள். வெளியே இவ்வளவு குளிராக இருக்க நீங்கள் ஏன் மகள் தைத்த கோட்டைப் போடுவதில்லை என்று அவரிடமே கேட்டாள். கேலியில்லை. அறியும் ஆசைதான்.

இரத்தினவேலுக்கு ஆங்கிலம் நன்றாக விளங்கும். போன் கொம்பனிக்காரனோடு மணிக்கணக்காகச் சண்டை பிடிக்கக்கூடியவர். ஆனால் இதற்கு மட்டும் தமிழில்தான் பதில் சொன்னார்.

"பக்டரியில பதினெட்டு வருசம் கார் சீற்றுக்கு உறை தைச்சனான். வேலையை விட்ட பிறகும் அந்த மெசின் காதுக்குள்ள ஓடிக்கொண்டே இருந்தது. நித்திரையில்லை. சபையில ஊசியே இல்லையெண்டு சொல்லிச்சினம். சாமிக்காகப் போகேல்லை, உதுக்காகத்தான் போனனான். துணியைச் சுத்திக்கொண்டு அவையளோட சும்மா இருந்தன். சத்தம் நிண்டிட்டுது."

அவர் இதைத் துர்க்காவுக்கு ஒருநாளும் சொன்னதில்லை. அவளும் கேட்டதில்லை. மெலனி மொழிபெயர்ப்புக்காகப் பேனையோடு துர்க்காவின் முகத்தைப் பார்த்தபடி இருந்தாள். துர்க்காவின் கண்ணுக்கு முன்னால் எட்டுப் பந்திகள் வந்து நின்றன.

"அப்பா விரதம் இருக்கிறார். எங்கள் சமயத்தில் வழக்கமானது," என்றாள் ஆங்கிலத்தில்.

இரத்தினவேல் மகளை ஒருதரம் பார்த்தார். பிறகு மெலனியின் பக்கம் திரும்பித் தலையாட்டினார்.

"யெஸ், யெஸ். ஃபாஸ்ரிங். சிக்ஸ் டேய்ஸ் ஒன்லி."

அவர் கோபித்திருந்தால் துர்க்கா தாங்கியிருப்பாள். மகளுடைய பொய்க்கு முண்டுகொடுத்துவிட்டு, நல்ல பிள்ளை போல ரோல்ஸ் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவளுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. தன் அப்பாவை ஒளித்துவைக்க வேண்டிய பொருளாக்கியது பத்திரிகைக்காரி அல்ல, தானேதான் என்று தெரிந்தது.

"அவர் சொன்னது அதில்லை," என்றாள் மெலனியிடம். பிறகு பக்டரி, மெசின், சபை, நித்திரை எல்லாவற்றையும் ஒன்றும் விடாமல் சொன்னாள். மெலனி எழுதினாள். எழுதி முடித்துவிட்டு, இதைப் போடலாமா என்று கேட்டாள். துர்க்கா அப்பாவைப் பார்த்தாள்.

"போடட்டும்," என்றார் இரத்தினவேல். "ஆனா கோட்டைப் பற்றியும் வடிவா எழுதச் சொல்லு. நல்ல கோட்டெல்லே."

துர்க்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அப்போதுதான் இன்னொன்று அவளுக்குத் தட்டியது.

"அப்பா, என்ர மெசின் உங்கட கட்டிலுக்கு நேர கீழதானே ஓடுது. உங்களுக்குக் கேக்கிறேல்லையோ?"

"கேக்கும்."

"அப்ப ஏன் ஒருநாளும் நிப்பாட்டச் சொல்லேல்லை?"

"உது வேற. உது நிண்டாத்தான் எனக்கு ஏக்கமாக் கிடக்கும். இண்டைக்குக் காலமை தொடக்கம் ஒரு சத்தமும் இல்லை. உனக்கு என்னவோ எண்டுதான் தேத்தண்ணியைச் சாட்டி இறங்கி வந்தனான்."

மெலனி பேனையைத் தூக்கிக்கொண்டு, அவர் இப்போது என்ன சொன்னார் என்று கேட்டாள்.

"அது பத்திரிகைக்கு இல்லை," என்றாள் துர்க்கா. "எனக்குச் சொன்னது."