டிராயர் இல்லாத மேஜை

நாற்பது நிமிட நேர்காணலுக்கென்று வானொலி நிலையத்துக்கு வந்த பொதுப்பணி அமைச்சர், இரண்டு வருடம் இரண்டு மாதம் கழித்துத்தான் வீட்டுக்குப் போனார். ஒலிபரப்பு அறையின் கதவைக் காணவில்லை, அதுதான் காரணம். செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணிக்கு அவர் நுழைந்தபோது கதவு இருந்தது. அவரே தள்ளித் திறந்தார், கைப்பிடி பிசுபிசுவென்று இருப்பதாகக் குறைகூடச் சொன்னார். பதினொன்று நாற்பதுக்கு எழுந்து திரும்பினால் அந்த இடத்தில் சுவர். பெயின்ட் அடித்து, மூலையில் ஒட்டடையோடு, பல வருடமாக அங்கேயே நிற்கிற மாதிரி ஒரு சுவர்.

அவரைப் பேட்டி கண்டவளை ஊரில் எல்லோரும் ‘அப்புறம் அக்கா’ என்பார்கள். பத்தொன்பது வருடமாக அவள் தொழில் செய்த விதம் அப்படி. விருந்தாளி பதிலைச் சொல்லி முடித்ததும் “அப்புறம்?” என்பாள். பிறகு வாயே திறக்க மாட்டாள். அந்த மௌனம் இருக்கிறதே, அப்பப்பா! எப்பேர்ப்பட்ட ஆளாலும் அரை நிமிடத்துக்கு மேல் தாங்க முடியாது. எதையாவது போட்டு அந்த இடத்தை நிரப்பத் தோன்றும். நிரப்புகிறபோதுதான் உண்மை வெளியே வந்து விழும். ஒரு வங்கித் தலைவர் மூன்று ‘அப்புறம்’ வரைக்கும் தாக்குப்பிடித்தார், நாலாவதில் தன் ராஜினாமாவைத் தானே அறிவித்துவிட்டு, அறிவித்தது தான்தானா என்று சுற்றும் முற்றும் பார்த்தார். செவ்வாய் பதினோரு மணி ஆனால் சலூன்காரர் பாதிக் கன்னத்தில் கத்தியை நிறுத்திவிட்டு ரேடியோவைக் கூட்டுவார். கன்னத்துக்குச் சொந்தக்காரரும் ஒன்றும் சொல்ல மாட்டார், அவருக்கும் கேட்க வேண்டுமே.

அன்றைய விஷயம் பாலம். திறந்த பன்னிரண்டாம் நாள் ஆற்றுப் பாலம் இடிந்து பதினேழு பேர் போய்விட்டார்கள். கட்டுமானத்தை மேற்பார்வை பார்த்த பொறியாளரைப் பிடித்துச் சிறையில் போட்டார்கள். மூன்றாவது தூணில் விரிசல் இருக்கிறது, திறக்க வேண்டாம் என்று அமைச்சருக்கு எழுதினேன் என்று அந்த மனிதர் தலைதலையாய் அடித்துக்கொண்டார். அப்படி ஒரு கடிதம் வரவே இல்லை என்றது அமைச்சகம். பொறியாளரிடம் நகல் இருந்தது, அதில் பெற்றுக்கொண்ட முத்திரை இல்லை. ஆக, கடிதம் வந்ததா இல்லையா என்பதை அமைச்சர் வாயால் சொன்னால்தான் அந்த ஆளுக்கு விடிவு.

அந்தப் பொறியாளர் அப்புறம் அக்காவின் சொந்த அத்தான், கூடப் பிறந்த அக்காவின் புருஷன். இது நிலையத்தில் ஒருவருக்கும் தெரியாது. பேட்டி எடுக்கப் போகிறவர்கள் முதலில் ஒரு படிவத்தில் ‘இந்த விஷயத்தில் தொடர்புடைய உறவினர்’ என்ற கட்டத்தை நிரப்ப வேண்டும், ஒலிபரப்பின் முதல் வாக்கியமாக அதைச் சொல்லவும் வேண்டும். அங்கே அது நாற்பது வருடச் சட்டம். அவள் கட்டத்தில் ‘இல்லை’ என்று எழுதினாள். உண்மையை எழுதியிருந்தால் பேட்டி ‘மெத்தை’ என்று பெயரெடுத்த சக ஊழியர் கைக்குப் போயிருக்கும். அவர் கேள்வியில் எவ்வளவு உயரத்திலிருந்து விழுந்தாலும் யாருக்கும் அடிபடாது.

“பாலத்தைத் திறக்க வேண்டாம்னு அந்தப் பொறியாளர் எழுதின கடிதம் உங்க கைக்கு வந்துச்சா, வரலையா?” என்று கேட்டாள். அமைச்சர் பதினோரு நிமிடம் பதில் சொன்னார். சாலைகள் வந்தன, துறைமுகம் வந்தது, எதிர்காலச் சந்ததி வந்தது, கடிதம் மட்டும் வரவில்லை. “அப்புறம்?” என்றாள். அமைச்சர் லேசுப்பட்ட ஆளில்லை. நாற்காலியில் சாய்ந்து, “இவ்வளவு ஆசையா கேக்குறீங்களேம்மா, அந்தப் பொறியாளர் உங்களுக்கு வேண்டியவரா?” என்றார். “இங்க கேள்வி கேக்கிறது நான் சார்,” என்றாள் பட்டென்று. ஊர் முழுக்கக் கை தட்டியது. அப்போதுதான் கதவு போயிருக்க வேண்டும் என்று பிற்பாடு கணக்குப் போட்டார்கள்.

கொத்தனார்களைக் கூப்பிட்டு நடைவழிப் பக்கமிருந்து சுவரை இடித்தார்கள். இடித்து உள்ளே போனவர்கள் நடைவழியின் மறுமுனையில் வந்து நின்று தும்மினார்கள். அறைக்கும் பக்கத்துக் கட்டுப்பாட்டு அறைக்கும் நடுவில் இருந்த கண்ணாடியை உடைத்தார்கள், அதற்குப் பின்னால் இன்னொரு கண்ணாடி இருந்தது. ஒன்பது கண்ணாடியோடு விட்டுவிட்டார்கள். கண்ணாடிக்கு அடியில் காகிதம் நீட்டுவதற்கு ஒரு சின்னத் திறப்பு இருந்ததால் சாப்பாடும் துணியும் கோப்புகளும் போய்வந்தன. அறையோடு ஒட்டி ஒரு குளியலறையும் இருந்தது நல்லதாயிற்று. ஒலிவாங்கியின் சிவப்பு விளக்கும் அணைய மறுத்தது, வயரைப் பிடுங்கிப் பார்த்தும் அணையவில்லை. ஆக எல்லாமே ஒலிபரப்பாயிற்று. அமைச்சரின் மதியக் குறட்டையைக் கேட்டுத்தான் பல வீடுகளில் குழந்தைகள் தூங்கின.

ஊருக்கு என்ன ஒரு குதூகலம் என்கிறீர்கள்! தினமும் பதினோரு மணிக்கு அவள் அதே கேள்வியைக் கேட்டாள், தினமும் அவர் வேறொரு விதமாக நழுவினார். ஒரு நாள் வானிலை, ஒரு நாள் முழங்கால் வலி, ஒரு நாள் கடிதம் என்றால் என்ன என்பதற்கு ஒரு விளக்கம். டீக்கடைகளில் ஒலிபெருக்கி கட்டினார்கள். பள்ளிக்கூடத்தில் பதில் தெரியாத பிள்ளைகள் “இதைப் பரந்த கோணத்தில் பார்க்க வேண்டும் டீச்சர்” என்று சொல்லி வெளியே நின்றார்கள். நடுவில் ஒரு தேர்தல் வந்தது. அமைச்சர் அறைக்குள்ளிருந்தே நின்று, என்றைக்கும் இல்லாத வாக்கு வித்தியாசத்தில் ஜெயித்தார். தும்மல் வரை தெரிந்த மனிதருக்கு ஓட்டுப் போடாமல் எப்படி இருப்பது என்றார்கள் ஜனங்கள். கோப்புகளில் திறப்பு வழியாகக் கையெழுத்துப் போட்டார். முன்பைவிட வேலை சீக்கிரம் நடப்பதாக ஒரு பேச்சும் இருந்தது.

உள்ளே இருந்த இரண்டு பேரும் சண்டைக்காரர்களாகவும் இல்லை, சிநேகிதர்களாகவும் இல்லை. அவளுக்குக் காய்ச்சல் வந்த வாரம் அமைச்சரே செய்தி வாசித்தார், தன்னைக் கண்டித்த செய்தியையும் சேர்த்து, நல்ல உச்சரிப்போடு. பிறகு ஆரஞ்சு உரித்து நார் எடுத்துச் சுளை சுளையாக அவளுக்கு வைத்தார். அவள் அவருடைய சட்டைப் பட்டனைத் தைத்துக் கொடுத்தாள். பதினோரு மணி அடித்ததும் இரண்டு பேரும் மேஜைக்கு வந்து எதிரெதிரே உட்கார்ந்துவிடுவார்கள். அவளுடைய அக்கா மாதம் ஒரு தடவை துணி அனுப்புவாள், மடிப்புக்குள் ஒரு சீட்டு இருக்கும். ‘அவர் நல்லா இருக்கார். அங்கயும் ரேடியோ இருக்கு, தினமும் கேக்கிறாராம்.’ அவள் குளியலறைக்குப் போய் அழுவாள், தண்ணீரைத் திறந்துவிட்டு, ஊருக்குக் கேட்காதபடி.

இதற்குள் ஆற்றில் புதுப் பாலம் கட்டி முடித்தார்கள். திறப்பு விழா வெள்ளிக்கிழமை. அமைச்சருக்கு ரிப்பன் வெட்டுவதென்றால் உயிர். அதனால் ரிப்பனை நிலையம் வரைக்கும் இழுத்துத் திறப்பு வழியாக உள்ளே நீட்டுவது, அவர் உள்ளேயே வெட்டுவது என்று முடிவாயிற்று. நாலு கிலோமீட்டர் சிவப்பு ரிப்பன்! ஊரே தெருவில் நின்று ஆளுக்கு ஒரு முழம் தாங்கிப் பிடித்திருந்தது. கத்தரிக்கோல் உள்ளே வந்தது, ரிப்பன் முனை வந்தது, கூடவே ஒரு கடிதமும் வந்தது. கட்டுப்பாட்டு அறையில் இருந்த ஒலிப்பதிவாளர் திறப்பில் குனிந்து, “சார், புதுப் பாலத்து இன்ஜினியரம்மா குடுத்தாங்க. உங்க கையிலதான் குடுக்கணும்னு வாசல்லயே நிக்கிறாங்க,” என்றார்.

அமைச்சர் பிரித்துப் படித்தார். காகிதம் சலசலத்தது ஊர் முழுக்கக் கேட்டது. படித்துவிட்டு அவர் பார்வையை எடுக்காமலே வலது கையை மேஜைக்கு அடியில் கொண்டுபோனார். கை எதையோ தேடியது. அந்த மேஜைக்கு டிராயர் கிடையாது. கை இந்தப் பக்கம் போயிற்று, அந்தப் பக்கம் போயிற்று, வெறும் பலகையைத் தடவிவிட்டுத் திரும்பி வந்தது. கடிதம் அப்படியே இன்னொரு கையில் இருந்தது. அப்புறம் அக்கா இதைப் பார்த்தாள்.

“எதைத் தேடுறீங்க சார்?”

அமைச்சருக்கு வியர்த்துவிட்டது. “டிராயர்,” என்றார்.

“அப்புறம்?”

இரண்டு வருடம் இரண்டு மாதமாக வராதது அப்போது வந்தது. “இரண்டாவது தூண்ல விரிசலாம். திறக்க வேண்டாம்னு இந்தம்மா எழுதியிருக்கு. போன தடவையும் இதே மாதிரிதான் வந்துச்சு. வந்துச்சும்மா. படிச்சேன். ரிப்பன் வாங்கியாச்சு, கூட்டம் கூட்டியாச்சு, நான் அதை மடிச்சு டிராயர்ல போட்டேன். அங்கதான் கிடக்கும், எங்கயும் போயிருக்காது.” பிறகு ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு கத்தினார். “யாரும் பாலத்துல ஏறாதீங்க! விழா கிடையாது! எல்லாரும் வீட்டுக்குப் போங்க!” நாலு கிலோமீட்டர் ரிப்பனும் ஒரே நேரத்தில் தரையில் விழுந்தது. அடுத்த நிமிடம் ஊர் போட்ட கூச்சல் கண்ணாடியைத் தாண்டி உள்ளே கேட்டது. சலூன்காரர் பாதிச் சவரத்தோடு ஒருவரைக் கட்டிப்பிடித்து ஆடினார். அப்புறம் அக்கா இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டாள்.

கதவு வரவில்லை.

ஒரு நிமிடம் போயிற்று. ஐந்து நிமிடம். ஊர் அடங்கிப்போய் ரேடியோவையே பார்த்தது. அமைச்சர் எழுந்து போய்ச் சுவரைத் தட்டினார், காதை வைத்துக் கேட்டார், ஒட்டடையை ஊதிப் பார்த்தார். திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்தபோது அவர் முகம் மாறியிருந்தது. மோசமான மனிதர்தான், ஆனால் முட்டாள் இல்லை. “நான் சொல்லிட்டேன். என் பக்கம் பாக்கி இல்ல,” என்றார் மெதுவாக. “முதல் நாள் நானும் ஒரு கேள்வி கேட்டேனே, ஞாபகம் இருக்கா? அந்தப் பொறியாளர் உங்களுக்கு வேண்டியவரான்னு?”

பேசினால் என்ன ஆகும் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். வேண்டியவளே நடத்திய நாடகம் என்பார்கள் அவர் வக்கீல்கள். அந்த ஒப்புதலுக்கு மதிப்பில்லாமல் போகும், அத்தான் உள்ளேயே இருப்பார். பேசாவிட்டால் அவளும் உள்ளே. அமைச்சர் சாய்ந்து உட்கார்ந்தார், கைகளைக் கட்டிக்கொண்டார்.

“அப்புறம்?” என்றார்.

பிறகு அவரும் வாயே திறக்கவில்லை. தான் இத்தனை வருடமாக எல்லோருக்கும் ஊட்டிய மருந்து எவ்வளவு கசப்பு என்று அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிந்தது. இருபத்திரண்டு நொடி தாங்கினாள். ஒலிப்பதிவாளர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார், அவர் சொன்ன கணக்கு இது. “அவர் எங்க அக்கா வீட்டுக்காரர். என் அத்தான்,” என்றாள். “எனக்குப் படிப்புச் சொல்லிக் குடுத்து ஆளாக்கினவர். படிவத்துல இல்லைன்னு எழுதினேன். பொய்தான் எழுதினேன். உண்மையைச் சொல்லியிருந்தா இந்த நாற்காலி எனக்குக் கிடைச்சிருக்காது.” அவள் சொல்லி முடிப்பதற்குள், சுவரில் கதவு இருந்தது. கைப்பிடி அதே பிசுபிசுப்போடு இருந்தது. அமைச்சர் அவளை முதலில் போகச் சொல்லி வழிவிட்டார், அவள் அவரை முதலில் போகச் சொன்னாள், இதில் ஒரு நிமிடம் போயிற்று.

வக்கீல்கள் அவள் பயந்தபடியே கிளம்பினார்கள். ஆனால் நீதிமன்றம் மூன்றே பக்கத்தில் தீர்ப்புச் சொன்னது. அந்த அறையின் கதவு பொய்க்கும் மழுப்பலுக்கும் திறந்ததாகச் சரித்திரம் இல்லை, இரண்டு பேர் பதிலும் முடிந்த பிறகே திறந்திருக்கிறது, ஆகவே இரண்டும் உண்மை. கதவு சாட்சி எண் ஒன்று என்று பதிவாயிற்று. அமைச்சகத்து டிராயரில் பழைய கடிதமும் மடித்தபடியே கிடைத்தது. அத்தான் வெளியே வந்தார், அமைச்சர் உள்ளே போனார். படிவத்தில் பொய் எழுதியதற்கு நிலையம் அவளை ஆறு மாதம் வேலையிலிருந்து நிறுத்திவைத்தது. அவள் அதற்கு ஒரு வார்த்தை மறுப்புச் சொல்லவில்லை.

ஆறு மாதம் கழித்து அவள் திரும்பிவந்த செவ்வாய்க்கிழமை, முதல் விருந்தாளி அத்தான். வெளியே வந்ததிலிருந்து அவர் அவளிடம் சரியாக முகம் கொடுத்துப் பேசியிருக்கவில்லை. சிவப்பு விளக்கு எரிந்ததும் அவள், “இந்த விருந்தாளிக்கும் எனக்கும் உறவு உண்டு, இவர் என் அத்தான்,” என்று ஆரம்பித்தாள். சிறையைப் பற்றிக் கேட்டாள், தூண்களைப் பற்றிக் கேட்டாள். அவர் அளந்து அளந்து பதில் சொன்னார். கடைசியில் அவள் தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கேட்டாள்.

“என் மேல கோவமா அத்தான்?”

“சேச்சே, கோவமெல்லாம் ஒண்ணுமில்லம்மா,” என்றார் அவர். கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து ஒலிப்பதிவாளர் பதறிப்போய்க் கையை ஆட்டினார். அவள் திரும்பிப் பார்த்தாள். கதவின் கைப்பிடி மங்கிக்கொண்டிருந்தது. அத்தானும் பார்த்தார். ஏற்கெனவே ஒரு அறையில் இருந்துவிட்டு வந்த மனிதர்.

“கோவம்தான்,” என்றார். “உள்ள ரேடியோவைக் காதுல வச்சுக்கிட்டுத்தான் இருந்தேன். அந்தப் பொறியாளர், அந்தப் பொறியாளர்னு எத்தனை நாள் சொன்னே! ஒரு நாள், ஒரே ஒரு நாள், அத்தான்னு சொல்லிர மாட்டியான்னு இருந்துச்சு. கடைசி நாள் சொன்னே பாரு, அன்னைக்கு நான் அழுத அழுகையில ரேடியோவே நனைஞ்சுபோச்சு.”

கைப்பிடி பளிச்சென்று பழையபடி வந்தது. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பழக்க தோஷத்தில், “அப்புறம்?” என்றாள்.

“அப்புறம் என்ன அப்புறம்? பசிக்குது. உங்க அக்கா சமைச்சு வச்சிட்டு உக்காந்திருப்பா, எந்திரி,” என்றார் அத்தான். இரண்டு பேரும் கதவைத் திறந்துகொண்டு வீட்டுக்குப் போனார்கள்.