ஒரே பிள்ளை

வாசலில் கார் வந்து நிற்கும் சத்தம் கேட்டதும் அவள் பின் அறைக் கதவை இழுத்துப் பூட்டினாள். உள்ளேயிருந்து, "ம்மா?" என்றான் பெரியவன்.

"சத்தம் போடாத ராஜா. கொஞ்ச நேரந்தான்."

"இன்னைக்காவது பூட்டாத," என்றார் பின்னால் வந்து நின்ற கணவர். பேருந்துப் பணிமனையில் இஞ்சின் பிரிக்கிறவர். எவ்வளவு தேய்த்தும் போகாத கிரீஸ் நகக்கண்ணில் கறுத்திருந்தது. "வர்றவங்ககிட்ட இவனைப் பத்தி நானே சொல்லிடுறேன்."

"இவனை வெளிய விடாத, மானம் போகுதுன்னு அன்னைக்குக் கத்துனது யாரு? குடிச்சுட்டு வந்து இந்தப் பூட்டை மாட்டுனதே நீங்கதான்."

"ஆமா, நான்தான்."

அவர் மறுத்துப் பேசியிருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும். சாவியை உள்ளங்கையில் இறுக்கிக்கொண்டு கூடத்துக்கு நடந்தாள்.

அவள் பிறந்ததே சபையில். அவர் போன வருஷம்தான் ஞானஸ்நானம் எடுத்தவர். அதோடு குடி நின்றது, கை நீட்டுவது நின்றது; அதற்கெல்லாம் அவள் முழங்காலில் நின்று ஸ்தோத்திரம் சொன்னாள். மனிதர் அங்கேயே நின்றுகொண்டாரா என்றால், இல்லை. வீட்டுக்குள் மூடிக் கிடந்ததையெல்லாம் ஒவ்வொன்றாகத் தோண்ட ஆரம்பித்துவிட்டார். கடைசியில் மூத்த மகனிடம் வந்து நின்றார். வளர்ந்த ஆண்பிள்ளையின் உடம்பும் சின்னக் குழந்தையின் மனசுமாக இருந்த அந்த மகனைப் பற்றி சபையில் யாருக்கும் தெரியாது. இந்த ஊருக்குக் குடிவந்த நாளிலிருந்து அவர்களுக்கு ஒரே மகள்தான். அவள் சொல்லி வைத்த பொய் அது. மகளுக்கு ஒரு வாழ்க்கை அமையட்டும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று நாளைத் தள்ளிக்கொண்டே வந்தாள்.

மகளைப் பெண் பார்க்க வந்தவர்கள் இரண்டே பேர். மாப்பிள்ளைப் பையன், வங்கியில் வேலை. அவனுடைய அம்மா, சபையின் பெண்கள் ஐக்கியத்துக்குத் தலைவி. உட்கார்ந்ததும் தலைவியம்மா கண்களை மூடி ஜெபித்தார். "இந்த வீட்டுக்கு நீர் ஈவாகக் கொடுத்த ஒரே பிள்ளைக்காக நன்றி ஆண்டவரே..."

தொம். பின் அறைக் கதவில் உள்ளங்கை விழுந்தது. புதுக் குரல் கேட்டால் பெரியவனுக்குக் கொண்டாட்டம். யார் வந்தாலும் ஓடிப்போய்க் கை கொடுக்க வேண்டும் அவனுக்கு.

"ஆமென்," என்று எல்லோருக்கும் முன்னால் சொன்னாள் அவள். "பக்கத்து வீட்ல ஏதோ மராமத்து வேலை நடக்குது."

மகள் தேநீர்த் தட்டோடு நின்றாள். தொம், தொம்.

"ஒரே பிள்ளைன்னா செல்லம் கொடுத்துக் கெடுத்துடுவாங்க. நீங்க பதவிசா வளர்த்திருக்கீங்க," என்றார் தலைவியம்மா.

"எங்களுக்கு ரெண்டு பிள்ளைங்க," என்றார் கணவர்.

அவர் எழுந்து மனைவியின் முன்னால் வந்து கையை நீட்டினார். "சாவியைக் குடு."

அவள் விரல்களை மூடிக்கொண்டாள். பழைய ஆளாக இருந்தால் மணிக்கட்டை முறுக்கிப் பிடுங்கியிருப்பார். அந்த வலி அவளுக்குத் தெரியும். உடம்பு தானாகவே ஒடுங்கியது. அவரோ நீட்டிய கை நீட்டியபடி நின்றார். "நானா எடுக்க மாட்டேன். நீ குடு," என்றார் மெதுவாக. "ஜெபத்துக்கு ஒரு முகம், வீட்டுக்கு ஒரு முகம்னு இனிமே என்னால இருக்க முடியாதும்மா."

அவள் மகளைப் பார்த்தாள். மகள் கண்ணைத் துடைக்காமல் அந்தக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். எப்போது தன் கை திறந்தது என்று அவளுக்கே தெரியவில்லை.

கணவர் பூட்டைத் திறந்ததும் பெரியவன் சிரித்துக்கொண்டே வந்தான். சட்டைப் பொத்தான் ஒன்று மாறிப் போட்டிருந்தது. நேரே மாப்பிள்ளையிடம் போய்க் கையை நீட்டி, "நல்லா இருக்கீங்களா?" என்றான். பையனின் கை பாதி எழுந்தது. அம்மாவின் முகத்தைப் பார்த்தான். கை மறுபடி மடியில் போய் விழுந்தது.

தலைவியம்மா கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். அவர் முகத்தில் அதிர்ச்சி இல்லை. கணக்குத் தப்பிப்போனவரின் சலிப்புதான் இருந்தது.

"இது எங்களுக்கு முன்னாடியே தெரியும். உங்க பக்கத்து வீட்டம்மா சொன்னாங்க."

"தெரிஞ்சுமா வந்தீங்க?" என்றாள் அவள்.

"பொண்ணு நல்ல பொண்ணுன்னு வந்தோம். நீங்க மறைச்ச மாதிரி மறைச்சு, நாங்க தெரியாத மாதிரி இருந்திருந்தா கௌரவமா முடிஞ்சிருக்கும். இப்படிக் கொண்டுவந்து நடுக்கூடத்துல நிறுத்திட்டா, நாளைக்குக் கல்யாண மேடையிலயும் நிப்பான். நாலு பேர் கேட்டா நான் என்ன சொல்றது? உங்களுக்காக ஜெபிக்கிறேன்."

கார் போய்விட்டது.

"உங்க மனமாற்றத்துக்கு என் பொண்ணுதான் கெடைச்சாளா?" என்று அவள் கத்தினாள். வாய்க்கு வந்ததையெல்லாம் கத்தினாள். அவர் தலைகுனிந்து கேட்டுக்கொண்டார். மகள் அறைக்குள் போய் வெகுநேரம் அழுதாள். பிறகு வெளியே வந்து, விருந்தாளிகள் தொடாத பிஸ்கெட்டை அண்ணன் கையில் கொடுத்து, தானும் ஒன்றைக் கடித்தாள்.

"மறைச்சு வச்சா போதும்னு சொல்றாங்களேம்மா," என்றாள். "அவங்க பேசுறது அப்படியே உன்னை மாதிரியே இருந்துச்சு."

அந்தச் சொல் அம்மாவைத் தூங்கவிடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நான்கு பேராக ஆலயத்துக்குப் போனார்கள். மகனுக்கு அவளே தலை சீவிவிட்டாள். வாசலில் நின்ற உதவிக்காரர் பெரியவனைப் பார்த்ததும் ஓடிவந்து, சிரித்த முகத்தோடு கடைசி பெஞ்சைக் காட்டினார். "இங்க, கதவோரமா உட்கார வையுங்க சிஸ்டர். வசதியா இருக்கும்."

கணவர் வாயைத் திறப்பதற்குள் அவள் கேட்டாள்.

"யாருக்கு வசதி, பிரதர்?"

அவள் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. மகனின் கையைப் பிடித்துக்கொண்டு, திரும்பிப் பார்க்கிற முகங்களுக்கு நடுவே, முதல் வரிசைக்கு நடந்தாள்.