மைலோ போட்ட கோடுகள்

அமெரிக்காவின் டுலூத் நகரத்தில் ஓர் இரும்புச் சாமான் கடைக்கு மாடியில் எங்கள் அலுவலகம். டோலெஃப்சன் – ருஸ்கா, கட்டட வடிவமைப்பாளர்கள். நான் அங்கே இருபத்திரண்டு வருஷம் தட்டச்சு செய்தேன்.

முதலாளிகள் இருவரும் 1932இல், பணமில்லாமல் ஊரில் யாரும் எதையும் கட்டாத வருஷத்தில், தொழிலில் இறங்கியவர்கள். முதல் வேலை ஒரு பின்லாந்துக்கார விவசாயியின் நீராவிக் குளியலறை. அப்புறம் பள்ளிக்கூடங்கள், தேவாலயங்கள், ஒரு தீயணைப்பு நிலையம். ஆர்னி டோலெஃப்சன் வரைவார். வாய் திறக்க மாட்டார். மைலோ ருஸ்கா ஊர் ஊராகப் போய்ப் பேசி வேலை பிடித்து வருவார். அவர் பென்சிலை எடுத்தால் போதும், "வேண்டாண்டா, தாளுக்கு வலிக்கும்" என்பார் ஆர்னி.

1961 ஜனவரியில், வடக்கே ஒரு சுரங்க ஊரின் நூலகத்தை வரைந்துகொண்டிருந்தபோது ஆர்னியின் வலது கை நடுங்க ஆரம்பித்தது. கையைக் கோட்டுப் பைக்குள்ளேயே வைத்துக்கொண்டார். எங்களைச் சாப்பிட அனுப்பிவிட்டுத் தனியாக வரைந்து பார்த்தார். குப்பைக்கூடையில் ஒரே மாடிப்படியை நான் பதினொரு தாள்களில் பார்த்தேன்.

ஒரு வெள்ளிக்கிழமை என்னைக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். மைலோவுக்கு ஒரு கடிதம் சொல்லி அடிக்க வைத்தார். கை இனிச் சரியாகாது என்று டாக்டர் சொல்லிவிட்டார், விலகிக்கொள்கிறேன், பெயர்ப்பலகையிலிருந்து என் பெயரை எடுத்துவிடு, அவ்வளவுதான்.

"நீங்களே நேர்ல சொல்லலாமே, சார்."

"அவன்கிட்டப் பேசி ஜெயிக்க முடியுமாம்மா? நான் வீட்டுக்குப் போனப்புறம் அவன் மேஜையில வச்சிடு."

வைத்தேன்.

திங்கட்கிழமை காலை நான் போனபோது மைலோ தன் மேஜையை இழுத்து வந்து ஆர்னியின் வரைபலகைக்குப் பக்கத்தில் போட்டிருந்தார். சட்டைப்பையில் அந்தக் கடிதம். ஆர்னி தொப்பியில் பனியோடு வந்து நின்றார்.

"என்னடா இது?"

"இனிமே நான் வரையறேன். நீ சொல்லு."

"உனக்குத்தான் வரைய வராதே."

"உனக்கும் இப்ப வரல. சரிக்குச் சரி. உட்காரு."

"கடுதாசி படிச்சியா?"

"படிச்சேன். வெர்னா அழகா அடிச்சிருக்கா. விஷயந்தான் மட்டம்." பிறகு மைலோவின் குரல் இறங்கியது. "ஏண்டா, ஒரு மாசமா இத மனசுல வச்சிக்கிட்டு எங்கூட உட்கார்ந்து காபி குடிச்சிருக்கியே."

ஆர்னி தொப்பியைக் கழற்றாமலே உட்கார்ந்தார். பையிலிருந்து கையை எடுத்து மேஜைமேல் வைத்தார். அது நடுங்கியது. மைலோ முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. அதைப் பார்த்துக்கொண்டே பென்சிலை எடுத்தார்.

"எங்கேருந்து?"

"பிள்ளைங்க அறை. தரையில உட்கார்ந்து படிக்கிற பிள்ளைக்கு ஜன்னல் வழியா வெளியே தெரியணும்."

"அப்போ தரையிலேருந்து ஜன்னல் எத்தனை அங்குலம்?"

"உட்கார்ந்து பாரு."

ஐம்பத்தெட்டு வயசு மைலோ தொந்தியோடு தரையில் உட்கார்ந்தார்.

"நீ ரொம்பப் பெரிய பிள்ளைடா," என்றார் ஆர்னி. "வெர்னா, நீதான் குள்ளம். நீ உட்காரும்மா."

பாவாடையை ஒதுக்கிக்கொண்டு உட்கார்ந்தேன். மைலோ என் கண் உயரத்தை அளந்து, அதிலும் கொஞ்சம் கழித்து, ஒரு கோடு போட்டார். அது ஏரிக்கரை மாதிரி வளைந்து போயிற்று. ஆர்னி கண்ணில் நீர் வரச் சிரித்தார். அந்த மாதத்தில் அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

அப்படியே நூலகம் முடிந்தது. அதற்கடுத்த எட்டு வருஷம் இருவரும் ஒரே மேஜையில்தான். மைலோவின் கோடுகள் சுமாராகத் தேறின. ஆனால் வரைபலகையை விட்டு நகர நேரமில்லாததால், ஒருநாள் ஒரு பள்ளிக்கூட நிர்வாகிகளிடம் கட்டட வேலை கேட்கும் கூட்டத்துக்கு ஆர்னியையே அனுப்பினார். ஆர்னி பயந்துகொண்டே போனார். சாயங்காலம் வந்து, வேலை கிடைத்துவிட்டது என்றார்.

மைலோவால் நம்ப முடியவில்லை. "என்னடா பேசினே?"

"நான் எங்கே பேசினேன்? உங்க பிள்ளைங்க எப்படின்னு கேட்டேன். அவங்கதான் பேசினாங்க."